கயிறு பிடிக்கும் மச்சான்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தாமிரபரணியின் கடைமடையில் அன்று பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலை அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரு பகல், ஓர் இரவுக்குள் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் அருகே, உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் சாகுபுரத்தையும் தண்ணீர் சூழ்ந்தது. முதலில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையிலிருந்து சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வருக்குள் நுழைந்து, பல மணி நேரம் ஓடக்கூடிய ஒரு வேலையை யாராவது தொடங்கிவைத்திருந்தால் அது என்ன ஆகியிருக்கும்? சர்வர் இருக்கும் ஊரில் மழையில்லை, கரண்ட் இருக்கிறது. அறுந்தது நடுவிலுள்ள இணைப்பு மட்டும். ஆனாலும் வேலை பிழைத்ததா செத்ததா என்பது, அதைத் தொடங்குவதற்கு முன் அவர் ஒரே ஒரு சொல்லைத் தட்டினாரா என்பதைப் பொறுத்தது. ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டீமக்ஸ்’. தட்டியிருந்தால், நாலு நாள் கழித்து சிக்னல் வந்ததும் உள்ளே போய், விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். தட்டாமல் விட்டிருந்தால், இணைப்பு போனதைச் சர்வர் உணர்ந்த கணத்திலேயே வேலையின் கதை முடிந்திருக்கும்.

சாகுபுரத்துக்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். 1950களின் இறுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் இங்கே காஸ்டிக் சோடா ஆலையைக் கொண்டுவந்தபோது எழுந்த ஊர் இது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரிப்பது நிறுத்தி நிறுத்திச் செய்கிற காரியமல்ல. ஷிப்ட் முடிந்து ஆள் வீட்டுக்குப் போவார், ஆலை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் லாக் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஆள் போனால் வேலையும் சாக வேண்டும் என்று எந்த ஆலையிலும் யாரும் விதி வைப்பதில்லை. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய கம்ப்யூட்டர்களில் அப்படியொரு விதி இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது.

ஆதியில் டெர்மினல் என்பது ஒரு தட்டச்சு இயந்திரம். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதச் சுருளில் அடிக்கும். தந்தி, டெலக்ஸ் உலகத்திலிருந்து வந்த இந்தக் கருவிதான் கம்ப்யூட்டரோடு பேசும் வாயும் காதும். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1961 நவம்பரில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியிருந்தது. கம்ப்யூட்டர் ஓரிடம், டெலிடைப் வேறிடம், நடுவில் டெலிபோன் கம்பி. இன்றும் யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ‘டி.டி.ஒய்.’ என்றுதான் பெயர். டெலிடைப் என்ற சொல் தேய்ந்து மிஞ்சிய மூன்று எழுத்து அது.

பேசி முடித்ததும் ரிசீவரைக் கொக்கியில் மாட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஹேங்கப்’ என்பார்கள். மறுமுனையில் மோடம் அதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். யூனிக்ஸ் உடனே அந்த லைனில் நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கு ‘ஹேங்கப் சிக்னல்’ என்ற செய்தியை அனுப்பும். சிக்னல் பட்டியலில் அதற்கு எண் 1. அதைப் பெற்ற நிரல், வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், செத்துவிடும். இரக்கமற்றதாகத் தெரிந்தாலும், அன்றைய நிலையில் இதுதான் பாதுகாப்பு. லைன் துண்டான பிறகும் வேலை உயிரோடு இருந்தால், அதே லைனில் அடுத்து டயல் செய்கிறவர் முந்தைய ஆளின் கணக்குக்குள் நேராக வந்து விழுவார். கம்ப்யூட்டர் நேரத்துக்குக் காசு எண்ணிய காலத்தில் யாரோ கைவிட்ட வேலை பில்லை ஏற்றிக்கொண்டும் இருக்கும்.

இதற்கு மாற்று இருக்கிறது என்பதை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் அப்போதே காட்டியிருந்தது. அதன் பி.டி.பி.-10 கம்ப்யூட்டரில் ஓடிய டாப்ஸ்-10 அமைப்பில் ‘டிடாச்’, ‘அட்டாச்’ என்று இரண்டு கட்டளைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். டிடாச் என்று அடித்தால் டெர்மினல் கழன்றுகொள்ளும், வேலை உள்ளே தொடரும். பிறகு எந்த டெர்மினலில் உட்கார்ந்தாலும் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை ஒட்டி இயங்கிய தேசிய மென்பொருள் மையத்திலும், ஐ.ஐ.டி. கான்பூரிலும் இந்த டெக்-10 வகை இயந்திரங்கள் இருந்தன.

1969இல் பிறந்த யூனிக்ஸ் இந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன இயந்திரத்தில் சின்னதாக ஒரு அமைப்பு வேண்டும் என்று கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் கட்டியது அது. தேவைப்பட்டவர்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். 1973 வாக்கில் ‘நோஹப்’ வந்தது. ஒரு வேலையின் பெயருக்கு முன்னால் இதைச் சேர்த்தால், ஹேங்கப் சிக்னல் அதன் காதில் விழாது. வேலை பிழைக்கும், அதன் வெளியீடு ஒரு கோப்பில் சேரும். ஆனால் அத்தோடு உறவும் முறிந்தது. அது நடுவில் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. வெளியூருக்குப் போன பிள்ளை கடிதம் மட்டும் போடுவான், நம் கடிதம் அவனுக்குப் போய்ச் சேராது என்கிற மாதிரி.

பில் ஜாய் எழுதிய வி.ஐ. எடிட்டர் இன்னொரு வழி கண்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் போனால், எழுதியதைப் பத்திரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, ‘உங்கள் கோப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், இப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடும். நல்ல மனசுதான். ஆனால் ஒவ்வொரு நிரலும் தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கற்க வேண்டும் என்றால் அது நடக்கிற கதையா? ஆஸ்திரியாவில் லாக்சன்பர்க் நகரின் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜிம் குல்ப், ஓடும் வேலையைக் கன்ட்ரோல்-இசட் அடித்து நிறுத்திவைத்துப் பிறகு தொடரும் முறையை உருவாக்கினார். 1980இல் பெர்க்லி யூனிக்ஸில் அது எல்லோருக்கும் கிடைத்தது. அப்போதும் எல்லா வேலைகளும் ஒரே லைனில்தான் கட்டப்பட்டிருந்தன. லைன் போனால் கூண்டோடு போகும்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு பொய் டெர்மினல்.

1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் அது வந்தது. பெயர் ‘சூடோ டெர்மினல்’. இரண்டு முனைகள் கொண்ட குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முனை பார்ப்பதற்கு அசல் டெர்மினல் மாதிரியே நடந்துகொள்ளும், நிரல் அதை நம்பி அங்கே எழுதும், அங்கிருந்து படிக்கும். மறுமுனையை மனிதர் பிடித்திருக்க வேண்டியதில்லை, இன்னொரு நிரல் பிடித்திருக்கலாம். நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு இது.

இங்கே முத்துக்கரையின் வழக்கம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அதுவரைக்கும், அதன் பின் சங்கு குளித்தவர்களிடமும், முறை ஒன்றுதான். குளியாளி கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருப்பார். கீழிருந்து கயிறு இழுபட்டால் உடனே மேலே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் குளியாளியின் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்பது கணக்கு. தேன் எடுக்க மலையில் கயிறு கட்டி இறங்குகிறவர்களிடமும் இதே ஏற்பாடு உண்டு. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி அங்கிருந்து வந்தது என்பார்கள்.

இப்போது கடலடியில் இருப்பது ஓடும் நிரல் என்று வைத்துக்கொள்வோம். பழைய யூனிக்ஸில் கரையிலிருந்து வந்த முதலாளியே கயிற்றைப் பிடித்திருந்தார். அவருக்குப் போன் கட்டானால் கயிறு நழுவும், குளியாளி காலி. தேவைப்பட்டது நடுவில் நிற்க ஒரு மச்சான். முதலாளி வரலாம், போகலாம், சாப்பிட்டுவிட்டு நாளைக்கு வேறு தோணியில் ஏறி வரலாம். மச்சான் கையில் கயிறு இருக்கும்வரை கீழே இருப்பவருக்கு மேலே நடக்கிற எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த மச்சானை 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்கிரீன்’. 24 வரி, 80 எழுத்து கொண்ட ஒற்றைத் திரை டெர்மினலில் பல சன்னல்களைத் திறந்து மாறி மாறி வேலை செய்ய வழி தருவது அதன் அடிப்படைப் பணி. ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னும் ஒரு பொய் டெர்மினல் இருந்ததால், அசல் டெர்மினலைக் கழற்றுவதும் மாட்டுவதும் கூடவே சாத்தியமானது. பின்னால் எர்லாங்கனில் இருந்த யுர்கன் வைகர்ட்டும் மைக்கேல் ஷ்ரோடரும் அதை வளர்த்தெடுத்தார்கள். ஜி.என்.யு. திட்டத்தின் பகுதியாகி, உலகத்தின் பெரும்பாலான யூனிக்ஸ் சர்வர்களில் அது குடியேறியது.

கையாளும் முறை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ‘ஸ்கிரீன்’ என்று அடித்து, கழித்தல் குறியோடு பெரிய எஸ் போட்டு, செஷனுக்கு, அதாவது இந்த அமர்வுக்கு, ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ‘உப்பளம்’ என்று வைப்பதாகக் கொள்வோம். திரை ஒருமுறை வெளுத்து, பழையபடி கட்டளைக்குக் காத்திருக்கும். எதுவும் மாறியதாகவே தெரியாது. வேலையைத் தொடங்கிவிட்டு, கன்ட்ரோலோடு ஏ, கையை எடுத்துவிட்டு டி. உடனே ‘டிடாச்ட்’ என்று ஒரு வரி வரும், பழைய திரை திரும்பும். கம்ப்யூட்டரை மூடிவிட்டு பஸ் ஏறலாம். வீடு வந்து மறுபடி சர்வருக்குள் நுழைந்து, கழித்தல் குறியும் ‘எல்.எஸ்.’ஸும் சேர்த்து அடித்தால் பட்டியல் வரும். ஓர் எண், ஒரு புள்ளி, உப்பளம், அடைப்புக்குறிக்குள் அதன் நிலை. கழித்தல் குறியோடு சின்ன ஆர் அடித்தால் திரை அப்படியே எழுந்து வரும். பாதியில் விட்ட வாக்கியத்தின் நடுவே கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கழற்ற மறந்து வந்துவிட்டால்? சின்ன ஆருக்கு முன்னால் டி-யையும் சேர்த்தால், அங்கே பிடுங்கி இங்கே மாட்டிவிடும். எக்ஸ் போட்டால் இரண்டு பேர் ஒரே செஷனில் சேர்ந்து உட்காரலாம். ஒருவர் அடிப்பது மற்றவர் திரையிலும் ஓடும். இரவு ஷிப்ட் போகிறவரும் காலை ஷிப்டுக்கு வந்தவரும் ஒரே லாக் புத்தகத்தைக் குனிந்து பார்ப்பது மாதிரி.

தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கு இந்த ஹேங்கப் என்ன என்பது உறைத்தது 1995இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. பணம் கொடுக்க முடிந்தவர்களுக்குப் படங்களோடு கூடிய இணைப்பு. மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மலிவான ‘ஷெல் கணக்கு’: எழுத்து மட்டும், படம் கிடையாது. நொடிக்கு 9,600 பிட் மோடம் கீச்சுக் குரலில் பேசி முடித்ததும், தொலைவிலுள்ள யூனிக்ஸ் கம்ப்யூட்டரின் திரை வீட்டு மானிட்டரில் விரியும். பக்கங்களைப் படிக்க லிங்க்ஸ், கடிதத்துக்குப் பைன். யூனிக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட உண்மையில் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் யாராவது மாடியிலிருக்கும் இன்னொரு போனைத் தூக்கினால் போதும். யூனிக்ஸில் அன்று டெலிடைப்புக்கு நடந்ததேதான்: சிக்னல் எண் 1.

அதே 1995இல் பின்லாந்தில் டாட்டு யுலோனன் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான நுழைவு முறையை எழுதினார். இன்று சர்வருக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் போகிறார்கள். அதில் டெலிபோனும் இல்லை, ரிசீவரும் இல்லை, மாட்டுவதற்குக் கொக்கியும் இல்லை. இருந்தும் இணைப்பு போனால் சர்வர் அனுப்புவது பழைய ஹேங்கப்தான்.

ஸ்கிரீனுக்கு வயதானது. 2007இல் நிக்கோலஸ் மாரியட் ‘டீமக்ஸ்’ எழுதினார். 2009இல் ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் அதைத் தன் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. பின்னணியில் ஒரு சர்வர் நிரல் கயிறுகளையெல்லாம் பிடித்திருக்கும். மனிதர் ஓட்டுவது அதோடு பேசும் சின்னஞ்சிறு நிரல். திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு பக்கம் எடிட்டர், ஒரு பக்கம் லாக் என்று வைத்துக்கொள்வது இதில் எளிது. சாவியும் மாறியது. கன்ட்ரோல்-ஏ என்பது கட்டளை அடிக்கும் ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போகும் சாவி, ஸ்கிரீன் அதைப் பிடுங்கிக்கொண்டது என்பது பலருடைய நெடுநாள் எரிச்சல். டீமக்ஸ் கன்ட்ரோல்-பி எடுத்துக்கொண்டது. 2019இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, ஸ்கிரீனை விட்டுவிட்டு டீமக்ஸோடு நின்றது. ஸ்கிரீன் ஓய்ந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் அதன் 5.0 பதிப்பு வந்தது.

சென்னைக்கு இந்த வரலாற்றில் நேரடியாக ஓர் உறவும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணனும் கீத் வின்ஸ்டீனும் 2012இல் ‘மோஷ்’ என்ற நிரலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். ரயிலில் போகிறவரின் சிக்னல் வந்து வந்து போகும், வைபையிலிருந்து செல்போன் இணைப்புக்கு மாறும்போது முகவரியே மாறிவிடும். மோஷ் அதைப் பொருட்படுத்தாமல் காத்திருந்து தொடரும். ஆனால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்து அதே செஷனில் ஒட்டிக்கொள்ள அதில் வழியில்லை. அதனால் மோஷ் வழியாக உள்ளே போய், அங்கே டீமக்ஸைத் திறப்பது பலருக்கு வழக்கமானது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மச்சானோடு ஒரு தனிச் சண்டை உண்டு. ஸ்கிரீனும் டீமக்ஸும் நிரல் எழுதுவதை அப்படியே கடத்திவிடுவதில்லை. திரை இப்போது எப்படி இருக்கிறது என்று கட்டம் கட்டமாக ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. மீண்டும் ஒட்டிக்கொள்ளும்போது வரைந்து காட்டுவது அந்தப் பிரதியைத்தான். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது டெலிடைப் போட்ட கணக்கு. ‘தூத்துக்குடி’யைக் கண்ணால் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோடில் அது 12 குறியீடு. எழுத்தின் அகலத்தைக் கணிக்க யூனிக்ஸ் உலகில் நெடுநாளாகப் புழங்கிய அட்டவணை, புள்ளிக்கு இடம் கிடையாது, மற்ற குறிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டம் என்று கணக்கிட்டு, தூத்துக்குடிக்குப் பத்துக் கட்டம் ஒதுக்கும். வெளியே இருக்கும் டெர்மினல் வேறு கணக்குப் போட்டால் கர்சர் ஓரிடம், எழுத்து ஓரிடம். ரீஅட்டாச் செய்ததும் வரி குழம்பிக் கிடக்கும்.

எழுத்தோடு ஒட்டிவரும் இத்தகைய குறிகளைக் கையாண்ட இடத்திலேயே 2021 பிப்ரவரியில் ஸ்கிரீனின் ஓட்டை ஒன்று வெளிவந்தது. குறிப்பிட்ட வகைக் குறிகள் அடுக்கப்பட்ட எழுத்துச்சரம் ஒன்று திரைக்கு வந்தால் போதும், ஸ்கிரீனே விழுந்துவிடும். ஸ்கிரீனுக்குள் ஓடிய மைன்கிராப்ட் விளையாட்டு சர்வர்களில் யாரோ சாட்டில் அதை அடிக்க, சர்வர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. குளியாளியைக் கடல் ஒன்றும் செய்யவில்லை, மயங்கி விழுந்தது கயிறு பிடித்தவர்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய விதிக்கு வக்கீல்கள் உண்டு. 2016இல், லினக்ஸில் ஓடுகிறவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிரலின் 230ஆம் பதிப்பு, ஆள் வெளியேறினால் அவர் விட்டுச்சென்ற எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று இயல்பு நிலையை மாற்றியது. ஸ்கிரீனும் டீமக்ஸும் அதில் அடக்கம். பல பேர் புழங்கும் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்கள் சிலருக்கு இதில் வருத்தமில்லை. எப்போதோ படிப்பை முடித்துப்போன மாணவரின் செஷன் மெமரியைத் தின்றுகொண்டு கிடப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் கொதித்தார்கள். முப்பதாண்டுப் பழக்கத்தை ஒரே வரியில் அழிப்பதா என்று பெரும் வாக்குவாதம். டெபியன் லினக்ஸ் அந்த இயல்பு நிலையை ஏற்காமல் பழையபடியே வைத்துக்கொண்டது.

மச்சானாலும் முடியாதது ஒன்று உண்டு. சர்வரின் கரண்டே போனால், இயந்திரம் மறுபடி எழும்போது ஸ்கிரீனும் இருக்காது, அது பிடித்திருந்த வேலைகளும் இருக்காது. எந்தச் சன்னல் எங்கே இருந்தது என்று குறித்துவைக்கும் இணைப்பு நிரல்கள் டீமக்ஸுக்கு உண்டு. அவை கட்டத்தைத் திரும்பப் போட்டுத் தரும், அதற்குள் பாதி முடிந்திருந்த கணக்கைத் தராது. ஸ்கிரீன் நிரல் திடீரென்று கொல்லப்பட்டு, அதன் சாக்கெட் கோப்பு மட்டும் வட்டில் மிஞ்சிவிட்டால் பட்டியலில் ‘உப்பளம்’ அப்போதும் தெரியும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டெட்’ என்று போட்டு, மூன்று கேள்விக்குறிகளையும் சேர்த்திருக்கும். கீழே இன்னொரு வரி: செத்த ஸ்கிரீன்களைத் துடைக்க இன்ன கட்டளையை அடியுங்கள்.